திங்கட்கிழமையும் சிவப்பு மாத்திரையும்

“கூட யாரு வந்திருக்காங்க?”

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். உடம்புக்கு என்ன, எத்தனை நாளாக என்பதெல்லாம் அப்புறம். யாரும் வரவில்லை, நான் மட்டும்தான் என்றேன். சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்தார். என் கண்ணைப் பார்த்ததும், மேசைமேல் இருந்த தன் டீ டம்ளரை எட்ட நகர்த்தி வைத்துக்கொண்டார். அதில் நான் ஒன்றும் வாயை வைத்துவிட மாட்டேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நிற்கவே தெம்பில்லாததால் விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்து மூன்று வயது. திருவண்ணாமலையில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தேன். அன்றெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் இணைப்புக் கொடுப்போம். அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். ஒரே அண்ணன், கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) பயிர் செய்துகொண்டிருந்தார். நான் டவுனில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், “நாள் பூரா ஊர் ஆம்பளைங்க பேசறதைத்தான் காதுல கேக்கறேன், வீட்டுக்குப் போயும் கேக்கணுமா?” என்பேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு, அதனால் இன்னொரு நோய் வந்ததா, இல்லை வேறு எதனாலாவது வந்ததா என்று தெரியாமல் கட்டிலில் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம். எதனால் என்று தெரியாமல் கிடப்பதுதான் மனிதரைப் பிய்த்துத் தின்றுவிடும். மருத்துவ முறைகள் இப்போது எவ்வளவோ மாறிவிட்டன. எனக்குச் செய்தது உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

முதலில் வந்தது காசநோய். கார்த்திகை தீபம் முடிந்த கையோடு இருமல் பிடித்தது. தீபக் கூட்டத்தில் தூசி, புகை என்று நானே வைத்தியம் பேசிக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டினேன். சாயங்காலக் காய்ச்சல் வந்தது. ரவிக்கை எல்லாம் தொளதொளத்தன. சளியைப் பரிசோதித்துப் பார்த்து, இருக்கிறது என்றார்கள்.

தை மாதம் மாத்திரை ஆரம்பித்தார்கள். தினமும் காலையில், வெறும் வயிற்றில், மூன்று வகை. ஒன்று சிவப்பு கேப்சூல், ரிஃபாம்பிசின். இன்னொன்று சின்ன வெள்ளை மாத்திரை, ஐசோனியசிட். மூன்றாவது எத்தாம்பியூட்டால். இந்தப் பெயர்களை நான் மனப்பாடமாகத் தெரிந்துகொண்டது பின்னால்தான். சிவப்பு கேப்சூல் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்குப் புதிது. அது சேர்ந்திருந்ததால்தான் ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும் என்றார்கள். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் சிவந்து போகும், பயப்படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். நான் பயப்படவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

வேலை செய்யும் இடத்தில் நோயை ஒளிக்க முடியவில்லை. தலையில் மாட்டிக்கொண்டு பேசும் ஹெட்செட்டை நாங்கள் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்துவோம். வாய்க்கு நேராகக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். சளியில் கிருமி இல்லை என்று ஆன பிறகுதான் நான் வேலைக்குத் திரும்பினேன். ஆனாலும் எனக்கென்று ஒரு ஹெட்செட் தனியாக ஒதுக்கப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள். என் ஹெட்செட்டை நானே துடைத்து, நானே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வருவேன். மற்றவை எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கும்.

ஏழாவது வாரத்தில் சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. காபி மணம் குமட்டியது. பக்கத்து வீட்டில் தாளித்தால் நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். சிறுநீர் சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போனது. மாத்திரை நிறம்தான், அதுதான் சொன்னார்களே என்று இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த மாத்திரையின் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. காமாலையின் நிறம் பால் விடாத டீயின் நிறம். இரண்டும் வேறு வேறு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த சரோஜா என்ற பெண்தான் கண்டுபிடித்தாள்.

“வசந்தாக்கா, இங்க பாருங்க. கண்ணு இன்னா இப்படி மஞ்சளா இருக்குது?”

கேட்டுக்கொண்டே நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டாள். பாவம், அவளுக்கே அது தெரிந்திருக்காது.

காசநோய்ப் பிரிவு டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சு கம்மி. என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், விலா எலும்புக்குக் கீழே அழுத்தினார். நான் ‘அம்மா’ என்றேன். இரத்தம் எடுத்தார்கள். பிலிருபின் (இரத்தத்தில் தேங்கிக் கண்ணையும் தோலையும் மஞ்சளாக்கும் பொருள்) இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. கல்லீரல் அடிபட்டால் இரத்தத்தில் கசிகிற நொதிகளையும் பார்க்க வேண்டும் என்று ஒரு குழாய் இரத்தம் வேலூருக்குப் போயிற்று. அந்த நிமிடமே சிவப்பையும் வெள்ளையையும் நிறுத்தி, என்னை அங்கேயே வார்டில் சேர்த்தார்.

“இந்த ரெண்டும் கல்லீரலைத் தொடக்கூடிய மாத்திரை. மூணாவது தொடாது. அதோட ஒரு ஊசி போட்டு இப்போதைக்கு ஓட்டலாம்.”

“அப்ப மாத்திரையாலதான் வந்துச்சா டாக்டர்?”

“அவசரப்படாதீங்க. காமாலை எதனால வந்தாலும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்.”

பிறகு போலீஸ்காரர் மாதிரி கேள்விகள். வெளியில் தண்ணீர் குடித்தேனா? குடித்தேன். உடம்பு தேறிவிட்டது என்ற திமிரில் மாசிப் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வந்தேன். அப்போது இன்றைய கூட்டம் கிடையாது, வழியில் பாதி இடம் ஆள் அரவமே இருக்காது. அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு வாசலில் கேட்டு வாங்கி இரண்டு சொம்பு கிணற்றுத் தண்ணீர் குடித்தேன். டாக்டர் நாளைக் குறித்துக்கொண்டார். தண்ணீரில் வரும் காமாலையாக இருந்தாலும் நாள் கணக்குச் சரியாக வருகிறது என்றார். நாட்டு மருந்து சாப்பிட்டேனா? இல்லை. வேறு மாத்திரை? தலைவலிக்கு எப்போதோ ஒன்று.

“இந்த மாத்திரையை ஒழுங்கா சாப்ட்டீங்களா? ஒரு நாள் கூட விடாம?”

“விடலீங்க.”

பொய். கண் கூடச் சிமிட்டாமல் சொன்னேன்.

ஊசி விஷயம் அண்ணன் காதுக்குப் போனதும் அவர் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மஞ்சள் காமாலைக்கு ஊசி போட்டால் ஆள் பிழைக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை அறியாத குழந்தை கிடையாது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தூக்குவாளியில் அண்ணி கொடுத்தனுப்பியிருந்தார்.

“எழுந்து வா வசந்தா. ஊருக்குப் போயிடலாம். உப்பில்லாம பத்து நாளு பத்தியம் இருந்தா எறங்கிடும். இங்க இருந்தா ஊசி போட்டே சாவடிச்சுடுவாங்க.”

“காமாலை எறங்கும் அண்ணா. நெஞ்சுல இருக்கறதுக்கு இன்னா பண்றது?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம்னா எப்ப? இப்பவே ரெண்டு மாத்திரையை நிறுத்தியாச்சு.”

அவர் கட்டில் ஓரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். கை கால் ஓடாமல் நிற்கிற மனிதரிடம் கோபப்பட முடியவில்லை. மோரை மட்டும் தொடவில்லை. இன்னொன்றை உள்ளே விட்டால் எது எதைச் செய்கிறது என்று கடைசி வரை தெரியாது என டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் அந்தத் தூக்குவாளியை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். அண்ணிக்கு மனம் சங்கடப்பட்டிருக்கும். பதினைந்து நாள் யாரும் வரவில்லை.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? பங்குனி வெயில். பெண்கள் பகுதியில் பத்துக் கட்டில்கள். மற்றவர்களுக்குச் சோறு கொண்டுவர யாராவது வருவார்கள். வரும் ஆள் முதலில் தன் நோயாளியைப் பார்ப்பார், பிறகு பக்கத்துக் கட்டில் காலியாக இருப்பதுபோல என் மேல் கண்ணை ஓட்டிவிட்டுப் போவார். காசநோய்க்காரர்களுக்குள்ளேயே நான் கூடுதலாக மஞ்சள். இரண்டு வியாதிக்காரி என்று எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் கைக்கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பேன், பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அதற்குப் பிறகு நாள் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லை. வேலையில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் குரல் காதில் விழும். இங்கே என்னிடம் பேசுகிறவர் ஊசி போடுகிற நர்ஸ் ஒருவர்தான். “திரும்பிப் படுங்க” என்பார். எனக்கு அழுகை வரும். யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று இருந்தது.

மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கியது. வேலூரிலிருந்து வந்த தாளில், இரத்தத்தின் வழியாகப் பரவும் காமாலைக் கிருமி இல்லை என்று இருந்தது. தண்ணீரில் வருவதற்கு எங்களுக்கு எட்டிய தூரத்தில் அன்று பரிசோதனை கிடையாது. ஆக, கிணற்றுத் தண்ணீரும் மாத்திரையும் இரண்டுமே சந்தேகத்தில் நின்றன.

ஒரு நாள் காலை டாக்டர் என் கட்டில் அருகே வந்து நின்றார்.

“நிறுத்தினதும் எறங்கிடுச்சு. தண்ணியால வந்திருந்தாலும் தானா எறங்கியிருக்கும். அதனால இதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியல. சிவப்பு மாத்திரை மேலதான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. அதை விட்டுடலாமான்னு பாக்கறேன்.”

“அது இல்லாம?”

“வெள்ளை மாத்திரை ஒத்துக்கிட்டா அதை வெச்சு, ஊசியும் கொஞ்ச நாளைக்குச் சேத்து, ஒன்றரை வருஷம் ஆகும்.”

“அது இருந்தா?”

“ஏழெட்டு மாசம்.”

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஒன்றரை வருஷம் தனி ஹெட்செட், தனித் தட்டு, தள்ளிப் போட்ட நாற்காலி. நான் சொன்ன பொய் ஒன்று அவர் தாளில் உட்கார்ந்திருந்தது. அதை வைத்துத்தான் அவர் கணக்குப் போடுகிறார்.

உண்மை இதுதான். மாத்திரை ஆரம்பித்த அதே தை மாதத்தில் நான் சோமவார விரதமும் ஆரம்பித்திருந்தேன். தொடர்ந்து பதினாறு திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. சாயங்காலம் கோயிலுக்குப் போய் அண்ணாமலையாரைப் பார்த்துவிட்டு வந்துதான் ஒரு வேளைச் சாப்பாடு. மாத்திரை விழுங்கத் தண்ணீர் வேண்டுமே? விரதம் முறிந்துவிடும். சாயங்காலம் போட்டிருக்கலாம், ஆனால் காலையில், வெறும் வயிற்றில் என்று அழுத்திச் சொல்லியிருந்தார்கள், அந்தச் சட்டத்தையும் மீறக் கூடாதாம் எனக்கு. எனவே திங்கட்கிழமை மாத்திரையை எடுத்து வைத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு நாளுக்குரியதையும் சேர்த்து விழுங்கினேன். சாமிக்கும் குறை வைக்கவில்லை, டாக்டருக்கும் குறை வைக்கவில்லை என்று பெருமை வேறு. படித்த முட்டாள் என்றால் நான்தான்.

எதற்கு விரதம் என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு. கல்யாணமே வேண்டாம் என்று ஊரெல்லாம் வாய்ச்சவடால் அடித்தவள், திங்கட்கிழமை தோறும் பட்டினி கிடந்து, கோயில் பிரகாரத்தில் தெரிந்த முகம் எதுவும் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துத் தர ஆள் இல்லை. அப்போது வந்த ஆசை அது. வேறு பெண்கள் இந்த விரதம் இருந்தால் நான் எப்படிக் கிண்டல் செய்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியும். மாத்திரையை விட்டேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஏன் என்று அடுத்த கேள்வி வருமே, அதற்குத்தான் பயந்தேன்.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் டாக்டர் அறைக்கே போனேன். அங்கே நர்ஸ் அலமாரியில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், நான் திங்கக்கிழமை மாத்திரை போடல.”

“எந்தத் திங்கக்கிழமை?”

“எல்லாத் திங்கக்கிழமையும். செவ்வாக்கிழமை ரெண்டு நாளுதும் சேத்துப் போட்டேன்.”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“ஏன்?”

“விரதம்.”

“சாப்பிடாமலா?”

“தண்ணி கூட இல்லாம. சாயங்காலம் வரைக்கும்.”

“எதுக்கும்மா இந்த உடம்போட?”

“கல்யாணம் ஆவணும்னு” என்றேன். சொன்னதும் உடைந்துபோய் அழுதேன். முகத்தை மூடிக்கொண்டு, இப்போது சிரிக்கப்போகிறார்கள், சிரித்துத் தொலையட்டும் என்று காத்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“எத்தனை திங்கக்கிழமை?”

“ஏழு.”

எழுதினார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பட்டினி கிடந்த உடம்பில் மறுநாள் இரட்டை அளவு விழுந்தால் கல்லீரல் அடிபட வாய்ப்பு உண்டு என்றார். அப்படியானால் குற்றம் மாத்திரையுடையது அல்ல, நான் சாப்பிட்ட முறையுடையது. ஒழுங்காகக் கொடுத்தால் சிவப்பு மாத்திரையை உடம்பு ஏற்கக்கூடும்.

“எப்படிக் கண்டுபிடிக்கறது டாக்டர்?”

“ஒரே வழிதான். ஒண்ணொண்ணா, சின்ன அளவுல திரும்பக் குடுத்துப் பாக்கணும். அன்னாடம் உங்களைப் பாக்கணும், ரத்தம் பாக்கணும். திரும்பவும் காமாலை வரலாம். போன தடவையைவிட மோசமாவும் வரலாம். பயமா இருந்தா வேணாம்னு சொல்லிடுங்க. தப்பில்ல.”

பயமாக இருந்தது. கொடுங்கள் என்றேன்.

அடுத்த நாட்களில் நான் வேண்டிக்கொண்டதை யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். எல்லாரும் தங்கள் மேல் பழி வரக் கூடாது என்று வேண்டுவார்கள். நானோ, பழி என் மேலேயே இருக்க வேண்டும் என்று வேண்டினேன். நான்தான் குற்றவாளி என்றால் ஏழெட்டு மாதத்தில் விடுதலை. மாத்திரை குற்றவாளி என்றால் ஒன்றரை வருஷம் எனக்கு.

சித்திரை பிறந்ததும் வெள்ளை மாத்திரையைக் கால் பங்கிலிருந்து ஆரம்பித்தார்கள். பத்து நாள். இரத்தம் சரியாக இருந்தது, பசித்தது, பக்கத்துக் கட்டில் அம்மாள் கொடுத்த மாங்காய்க் கீற்றைக் கூடத் தின்றேன். பிறகு சிவப்பு, பாதி அளவு கேப்சூல். தினமும் ஒரே நேரத்தில் நர்ஸ் கண் முன்னால் விழுங்கினேன். அரை மணி கழித்து இட்லி சாப்பிட்டேன். திங்கட்கிழமையும் சாப்பிட்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. நான் மனத்துக்குள் தலையைச் சிலுப்பிக்கொண்டேன்: பார்த்தாயா, எல்லாம் உன் வேலைதான்!

ஐந்தாம் நாள் காலையில் யாரோ காபி கொண்டு போனார்கள். வயிறு புரட்டியது.

ஒருவேளை வெயில் என்று நினைத்தேன். தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். சொல்லாமல் இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா என்று கூட நினைத்தேன். ஒரு பொய்யின் விலை தெரிந்தவள் என்பதால் எழுந்து போய்ச் சொன்னேன். இரத்தம் எடுத்தார்கள். கேப்சூலை அன்றே நிறுத்தினார்கள். கண்ணில் லேசாக மஞ்சள் தட்டி, ஒரு வாரத்தில் போயிற்று. இந்த முறை கறுப்பு நிறம் வரை போகவிடவில்லை.

டாக்டர் என்னை உட்காரச் சொல்லித் தாளில் நாட்களை வரிசையாகக் காட்டினார். ஆரம்பித்தது, வந்தது, நிறுத்தியது, இறங்கியது, மறுபடி கொடுத்தது, ஏறியது, மறுபடி நிறுத்தியது, இறங்கியது.

“நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தண்ணியால வந்ததா இருந்தா இப்ப திரும்ப ஏறாது. சேத்துப் போட்டதால வந்ததா இருந்தா, பாதி அளவுல, வேளை தவறாமக் குடுத்ததுக்கு ஏறியிருக்கக் கூடாது. உங்க உடம்புக்கு அந்த மருந்து ஒத்துக்கல. அவ்வளவுதான்.”

“விரதத்தால இல்லையா?”

“அதனால வந்ததா எனக்குத் தெரியல. அந்த மாதிரி மாத்திரையை விடறது தப்பு, அது வேற விஷயம். காமாலைக்கு நீங்க காரணம் இல்லம்மா.”

பிறகு என் சீட்டின் மேல், இந்த மருந்து இவருக்கு எப்போதும் கொடுக்கக் கூடாது என்று எழுதி அடிக்கோடு இட்டார். அந்தச் சீட்டின் நகல் இன்றும் என் கைப்பையில் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று நேர்ந்தால் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாம் மறந்தாலும் தாள் மறக்காது.

ஒன்றரை வருஷம். அழுதுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். அழுகை வரவில்லை. நெஞ்சு லேசாக, காலி வீடு போல இருந்தது. இரண்டு மாதமாக நான் என் உடம்பை ஒரு திருடியைப் போல நடத்தியிருக்கிறேன். ஆசைப்பட்டாயே, அனுபவி என்று திட்டியிருக்கிறேன். அது பாட்டுக்கு, ஒத்துக்கொள்ளாததை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. முதல் முறை சொன்னதும் அதுதான், இரண்டாம் முறை சொன்னதும் அதுதான். கேட்கத்தான் ஆள் இல்லை.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் நடந்தேன். சொல்ல ஒருவரும் இல்லை. அன்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்; விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டியிருந்ததால் நேராக வேலை செய்யும் இடத்துக்கே போனேன். சரோஜாவிடம் சொல்லிக் கீழ்பென்னாத்தூரில் அண்ணன் மல்லாட்டை போடும் மண்டிக்கு இணைப்புக் கேட்டேன். மேற்பார்வையாளர் மேசையில் இருந்த போனை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். மண்டியில் ஆள் அனுப்பி அண்ணனை வரவழைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஓடி வந்திருப்பார் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது.

“வசந்தாவா? இன்னாம்மா, இன்னா ஆச்சு? ஏதாவது ஜாஸ்தியாயிடுச்சா?”

“ஒண்ணுமில்ல அண்ணா. நல்லாத்தான் இருக்கேன். இன்னும் ஒன்றரை வருஷம் மருந்து சாப்பிடணுமாம்.”

“சாப்ட்டாப் போச்சு. அதுக்கா கூப்ட்ட?”

“இல்ல. என் மேல தப்பு இல்லையாம் அண்ணா. டாக்டர் சொல்லிட்டாரு. என்னால வரலையாம்.”

“உன் மேல தப்புன்னு யாரும்மா சொன்னா?”

யோசித்துப் பார்த்தால் யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை, சரோஜா சொல்லவில்லை, அண்ணி சொல்லவில்லை. நான் மேசையில் கவிழ்ந்து அழுதேன். அத்தனை பேர் நடுவில், வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதேன். அண்ணன், “சரி, சரி” என்றார். போனை வைக்கவில்லை.

மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே பேசி, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்வது எங்கள் வேலை. அன்று சரோஜா குறுக்கே வரவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நானும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் அங்கே மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே, எனக்குப் பசிக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.